பழைய சுவிஸ் கத்தியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

சிவப்புக் கைப்பிடியில் வெள்ளைச் சிலுவை பதித்த சுவிஸ் மடக்குக் கத்தி பல வீடுகளின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அது எந்த ஆண்டு செய்ததென்று கேட்டால் பதில் சொல்வது கடினம். படைவீரர்களுக்கென்று செய்த கத்திகளில் ஆண்டு முத்திரை உண்டு. கடையில் விற்ற சாதாரணக் கத்திகளில் அது கிடையாது. ஆனாலும் ஒரு பத்தாண்டுக்குள், சில சமயம் அதைவிட நெருக்கமாகவே, வயதைக் கணிக்க முடியும். கத்தியின் ஒவ்வொரு உறுப்பும் வெவ்வேறு காலத்தில் மாற்றம் கண்டிருப்பதால் இது சாத்தியமாகிறது.

கணக்கு இப்படித்தான் போகும். ஒரு உறுப்பு 1991இல் அறிமுகமானது என்றால், அது பொருத்தியிருக்கும் கத்தி 1991க்கு முந்தையதாக இருக்க முடியாது. அதாவது, இருக்கும் உறுப்பு கத்தி செய்த ஆண்டின் கீழ் எல்லையைச் சொல்கிறது. இருக்க வேண்டிய உறுப்பு இல்லையென்றால், அந்தக் கத்தி அது அறிமுகமாவதற்கு முந்தையது. அது மேல் எல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் கத்தி செய்யப்பட்டிருக்கும். இதில் ‘இருக்க வேண்டிய’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1991இல் வந்த கொக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலக் கயிற்றைக் கோத்துத் தூக்குவதற்கான இது கத்தியின் முதுகுப் பக்கம் இருக்கும். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்தரிக்கோல் உள்ள ‘கிளைம்பர்’ மாடலில் இது உண்டு. எளிய ‘ஸ்பார்டன்’ மாடலில் இன்றும் கிடையாது. கொக்கி இல்லாத ஸ்பார்டனைப் பார்த்து “1991க்கு முந்தையது” என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. முதலில் மாடல் எதுவென்று தெரிய வேண்டும், அதன் பிறகுதான் இல்லாததை வைத்து முடிவு சொல்லலாம்.

எல்லா உறுப்புகளுக்கும் ஒரே சாட்சி மதிப்பு இல்லை. பல்குச்சியும் சாமணமும் கையால் உருவி மாற்றக்கூடியவை. சாவி வளையமும் அப்படியே. தக்கை திருகியின் சுருளுக்குள் சுழற்றி வைக்கும் குட்டித் திருப்புளி 1980களில் வந்தது. ஆனால் அதைத் தனியாக வாங்கி அறுபதுகளின் கத்தியிலும் செருகிவிடலாம். பிளாஸ்டிக் மேல்பட்டைகள் உள்ளிருக்கும் ரிவிட் தலைகளில் அழுத்திப் பொருத்தியவை. உடைந்தால் பசையும் பொறுமையும் போதும், புதியது மாட்டிவிடலாம். எனவே பளபளக்கும் சிவப்புப் பட்டை எதையும் நிரூபிக்காது. அலகு, குத்தூசி, டின் ஓப்பனர், முதுகு ஸ்பிரிங், அடுக்குகளைப் பிரிக்கும் உள்தகடு ஆகிய எல்லாவற்றையும் ரிவிட் ஒன்றாகப் பூட்டியிருக்கிறது. கத்தியைப் பிரிக்காமல் இவற்றை மாற்ற முடியாது. முடிவு எடுக்க வேண்டியது இவற்றை வைத்துத்தான்.

சோதிக்கும் முன் சுத்தம் செய்யுங்கள், ஆனால் தேய்க்காதீர்கள். பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் கைப்பிடி என்றால் வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல் துலக்கியும் போதும். பிறகு நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மரக் கைப்பிடியையும் பழைய ஃபைபர் கைப்பிடியையும் நீரில் ஊறவைக்கக் கூடாது. உப்பி, ஆணியைச் சுற்றி வெடித்துவிடும். உலோகப் பாலிஷும் உப்புத்தாளும் அறவே வேண்டாம். அலகின் அடிக்கட்டில், அதாவது அலகு கைப்பிடிக்குள் நுழையும் கூரில்லாத பகுதியில், இருக்கும் முத்திரை ஆழமற்றது. அதைத் தேய்த்தால் நாம் தேடி வந்த சான்றையே அழித்துவிடுவோம்.

முத்திரையைப் படிக்க விளக்கை நேரே பிடிக்காமல், கிட்டத்தட்ட அலகோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து, தேய்ந்த எழுத்தும் தெரியும். பெரிய அலகின் இரு பக்கமும் பாருங்கள். பின்பக்கத்தைப் பார்க்க மறப்பவர்கள்தான் அதிகம். அடுத்து, மடித்த நிலையில் நீளத்தையும் தடிமனையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, சமையலறைத் தராசில் எடையும் பாருங்கள்.

படைவீரர் கத்தி என்றால் இந்த அளவுகளே பெரும்பாலும் விடை தந்துவிடும். சுவிஸ் ராணுவத்துக்கு 1889ஆம் ஆண்டு மாடல் ஷ்மிட்-ரூபின் துப்பாக்கி வந்தபோது, அதைப் பிரிக்கத் திருப்புளி தேவைப்பட்டது. டின் உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் 1890 மாடல். அவ்வளவு கத்திகளை ஒரே நேரத்தில் செய்து தர சுவிட்சர்லாந்தில் அப்போது ஆளில்லாததால், முதல் தொகுதியை ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்த வெஸ்டர் நிறுவனம் செய்தது. இந்த மாடலுக்கு மரக் கைப்பிடி; நீளம் 100 மில்லிமீட்டர், எடை 144 கிராம். 1908 மாடல் அதே நீளம், ஆனால் ஃபைபர் பட்டை. எடை 125 கிராம். 1951 மாடல் 93 மில்லிமீட்டராகக் குறுகி 90 கிராமுக்கு இறங்கியது. துருப்பிடிக்காத எஃகுக்கும் மாறியது. வரிவரியான கட்டம் பதித்த அலுமினியப் பட்டையோடு வந்த 1961 மாடல் 72 கிராம்தான். 2008இல் வந்த மாடலோ 111 மில்லிமீட்டர், 131 கிராம். பூட்டிக்கொள்ளும் அலகும் பச்சையும் கருப்பும் கலந்த கைப்பிடியும் கொண்டது. 1890இலிருந்து 1961 வரை தொடர்ந்து மெலிந்துவந்த கத்தி 2008இல் திடீரென்று பருத்துவிட்டதால், கடைசி மாடலை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

1961 மாடலின் அடிக்கட்டில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும்: 65 என்றால் 1965, 84 என்றால் 1984. அதன் அலுமினியப் பட்டை ரிவிட் அடித்துப் பொருத்தியது. பிளாஸ்டிக் பட்டைபோல் எளிதில் கழற்ற முடியாது என்பதால், இங்கே பட்டையும் நம்பகமான சாட்சிதான். பொதுமக்களுக்கு விற்ற ‘பயனியர்’ தோற்றத்தில் இதை ஒத்திருக்கும். ஆனால் சாவி வளையம் இருக்கும், ஆண்டு இலக்கம் இருக்காது.

சிவப்புக் கைப்பிடி அதிகாரிக் கத்தியின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 12 ஜூன் 1897 அன்று இதன் வடிவமைப்பைப் பதிவு செய்தார். ஒரே ஸ்பிரிங் இரு பக்கக் கருவிகளையும் தாங்கும்படி அமைத்ததால், எடை கூடாமல் கருவிகளைக் கூட்ட முடிந்தது. 1909இல் தாயார் விக்டோரியா இறந்தபின் அவர் பெயரே நிறுவனத்தின் பெயரானது. 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘இனாக்ஸ்’ சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆயிற்று. ஆகவே ‘விக்டோரியா’ என்று மட்டும் முத்திரை இருந்தால், அது பெயர் மாற்றத்தை ஒட்டிய காலத்துக்கோ அதற்கு முன்போ போகும். ‘விக்டோரினாக்ஸ்’ என்றிருந்தால் 1921க்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

எஃகை அறியக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. பயனில்லை. கத்தி செய்யும் துருப்பிடிக்காத எஃகில் ஏறக்குறைய 15 சதவீதம் குரோமியமும் அரை சதவீதம் கார்பனும் இருக்கின்றன. கடினப்படுத்தியபின் அதன் படிக அமைப்பு காந்தத்தை ஈர்க்கும் வகையாகிவிடுகிறது. பழைய கார்பன் எஃகும் அப்படியே ஈர்க்கும். நிறத்தைப் பாருங்கள். கார்பன் எஃகில் சாம்பலும் நீலமும் கலந்த படலமும் கரும்புள்ளிகளும் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாறு விட்டுச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம். அது போக்க முடியாத கறையை விட்டுச் செல்லும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது டின் ஓப்பனர். நுனியில் சிறு திருப்புளி கொண்ட இன்றைய வடிவம் 1951ஐ ஒட்டி வந்தது. உள்தகடுகள் கனமான ஜெர்மன் சில்வரிலிருந்து (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) அலுமினியத்துக்கு மாறியதும் அந்தக் காலத்தில்தான். அதனால்தான் அதற்கு முந்தைய கத்தி கையில் எடுத்தவுடன் கனமாகத் தெரியும். குத்தூசியில் தையல் நூல் கோக்கும் காது 1980களின் நடுப்பகுதியில் வந்தது. அடிக்கட்டின் பின்பக்கத்தில் ‘ஒஃபிசியே சுவிஸ்’ (Officier Suisse, ‘சுவிஸ் அதிகாரி’) என்ற பிரெஞ்சு வாசகம் ஏறக்குறைய 1970களின் நடுவிலிருந்து 2000களின் நடுவரை பல கத்திகளில் இருந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்ப்போம். 91 மில்லிமீட்டர் கத்தி ஒன்று. சிறு திருப்புளி நுனியுள்ள டின் ஓப்பனர், பின்பக்கம் பிரெஞ்சு வாசகம், காது இல்லாத குத்தூசி. ஓப்பனர் 1951க்குப் பின் என்கிறது. வாசகம் அதை 1970களின் நடுவுக்குத் தள்ளுகிறது. குத்தூசி 1980களின் நடுவைத் தாண்ட விடவில்லை. கிடைப்பது சுமார் பத்தாண்டு இடைவெளி. இதே கத்தியின் முதுகில் கொக்கி இருந்தால் என்ன பொருள்? கொக்கி 1991க்குப் பின், குத்தூசி அதற்கு முன். யாரோ இரண்டு கத்திகளைப் பிரித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரிவிட் தலைகளில் சுத்தியல் வடுவோ, மேல்பட்டை ஓரத்தில் பசையோ இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

சிலுவையைச் சுற்றிக் கேடயம் இருந்தால் விக்டோரினாக்ஸ். மூலை மழுங்கிய சதுரம் இருந்தால் சுவிட்சர்லாந்தின் டெலெமோன் நகரத்து வெங்கர் நிறுவனம். ராணுவ ஒப்பந்தத்தை 1908 முதல் இந்த இரு நிறுவனங்களும் பங்கிட்டுக்கொண்டன. வெங்கரின் கத்தரிக்கோல் விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும், விக்டோரினாக்ஸுடையது வழவழப்பு. டின் ஓப்பனரும் வேறு: விக்டோரினாக்ஸ் முன்னோக்கி வெட்டும், பழைய வெங்கர் தன் பக்கம் இழுத்து வெட்டும். விக்டோரினாக்ஸ் 2005இல் வெங்கரை வாங்கியது. 2013இல் வெங்கர் பெயரில் கத்தி செய்வது நின்று, அதன் வடிவங்கள் விக்டோரினாக்ஸ் முத்திரையோடு தொடர்ந்தன. எனவே பற்கள் கொண்ட வெங்கர் வகைக் கத்தரிக்கோலும் ‘விக்டோரினாக்ஸ்’ முத்திரையும் ஒரே கத்தியில் இருந்தால், பழையதுபோலத் தெரிந்தாலும் அது 2013க்குப் பிந்தையது.

கணித்த வயதைக் குறிக்கும்போது ஒற்றை ஆண்டாக எழுதாமல் இடைவெளியாகவே எழுதுங்கள். இரு பக்கமும் ஓரிரு ஆண்டு தளர்வும் விடுங்கள். புதிய உறுப்பு வந்த அன்றே தொழிற்சாலை பழையதைக் குப்பையில் போடுவதில்லை. இருப்புத் தீரும்வரை பொருத்தும். கடை அலமாரியிலும் கத்தி சில ஆண்டுகள் கிடந்திருக்கலாம் என்பதால், பெட்டிக்குள் இருக்கும் ரசீதின் தேதி விற்ற நாளைத்தான் காட்டும். தேய்ந்து ஒடுங்கிய அலகையும் வயதோடு சேர்க்காதீர்கள். முரட்டுச் சாணைக்கல்லில் அடிக்கடி தீட்டினால் ஐந்தே ஆண்டில் அலகு பாதியாகிவிடும்.