பரோட்டா மாவும் பெர்ஃபார்மன்ஸ் டயரும்

போன ஐப்பசி மழையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடு என்னை டயர் வாங்க வைத்தது. கோவளம் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். அது நிதானமாகக் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அடித்தது, கார் நின்றது. ஆனால் நான் கணக்குப் போட்ட இடத்தில் நிற்கவில்லை. மாட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

மறுநாள் குனிந்து டயரைப் பார்த்தேன். மொட்டையாகவில்லை, நூலும் தெரியவில்லை. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், மூன்று மில்லிமீட்டர் மிச்சமிருந்தது. “இன்னும் பத்தாயிரம் ஓடும் சார்” என்றார் தெருமுனை பஞ்சர் கடைக்காரர். ஓடும்தான். எனக்கு வேண்டியது நிற்கிற டயர்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். இரண்டும் 205/55 ஆர் 16. “இது மைலேஜ் டயர், அது கிரிப் டயர், பெர்ஃபார்மன்ஸ் டயர்னும் சொல்வாங்க. அது கொஞ்சம் விலை ஜாஸ்தி, கொஞ்சம் சீக்கிரம் தேயும்.” அதிக விலை கொடுத்து, சீக்கிரம் தேய்கிற பொருளை எதற்கு வாங்க வேண்டும்?

பக்கச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படித்தால் விடை கிடைக்குமா என்று பார்த்தேன். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது சுமார் 113 மில்லிமீட்டர். 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ‘வி’ என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை தாக்குப்பிடிக்கும். வேக எழுத்து உயர உயர டயர் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எழுத்து சொல்வது வேகத்தில் டயர் தாங்குகிற அளவை மட்டும்தான். ஈரத்தில் எங்கே நிற்கும் என்று சொல்வதில்லை. இவ்வளவு பொடி எழுத்தைப் படித்தும், எனக்கு வேண்டிய ஒரே விஷயம் அதுவரை கிடைக்கவில்லை.

ஒரு துப்பு மட்டும் கிடைத்தது. அமெரிக்க விதிப்படி அச்சடிக்கப்படும் ‘ட்ரெட்வேர்’ எண் ஒன்றில் 500, மற்றதில் 280. ஓர் அடிப்படை டயரை 100 என்று வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைச் சொல்லும் எண் இது. நிறுவனங்களே சோதித்துத் தாங்களே போட்டுக்கொள்வதால், ஒரு கம்பெனியின் 400ஐ இன்னொரு கம்பெனியின் 400ஓடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்கள் என்றால் ஓரளவு நம்பலாம். விரல் நகத்தால் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். 280இல் நகம் கொஞ்சம் இறங்கியது. எடுத்த பிறகு தடம் மெதுவாக மறைந்தது.

அந்த ‘மெதுவாக’வில்தான் விஷயமே இருக்கிறது.

பரோட்டா மாஸ்டர் பிசைந்து ஊற வைத்த மாவை விரலால் குத்திப் பாருங்கள். குழி விழும், பிறகு சோம்பேறித்தனமாக மேலே வரும். கிரிக்கெட் ஆடும் ரப்பர் பந்தைக் குத்தினால் விரலோடு சேர்ந்தே எழும். இப்போது தார்ச்சாலையை நெருக்கத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அது சமதளம் கிடையாது. ஜல்லி முனைகளால் ஆன குட்டி மலைத்தொடர். டயர் அதன்மேல் லேசாக வழுக்கும்போது ரப்பர் ஒவ்வொரு முனையின் மேலும் ஏறி இறங்குகிறது. ஏறும் பக்கம் அழுத்தம் இருக்கும். இறங்கும் பக்கம்? பந்து மாதிரியான ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பி முனையின் பின்பக்கத்தையும் அதே அழுத்தத்தில் தள்ளும். முன்னும் பின்னும் தள்ளுவது சமமானால், நிறுத்தும் விசை எதுவும் மிஞ்சாது. மாவு மாதிரியான ரப்பரோ பின்பக்கம் திரும்பி வருவதற்குள் முனை கடந்துபோய்விடும். முன்பக்க அழுத்தத்துக்கு எதிரே ஆளில்லை. அந்த மிச்ச விசைதான் காரைப் பிடித்து நிறுத்துகிறது.

காய்ந்த சாலையில் இதோடு இன்னொன்றும் சேரும்: ரப்பர் மூலக்கூறுகள் கல்லின் மேல் நேரடியாக ஒட்டி ஒட்டிப் பிரிவது. நடுவே தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் அந்த ஒட்டுதல் பெரும்பாலும் போய்விடும். அதனால் மழையில் நம்மைக் காப்பாற்றுவது முக்கியமாக ரப்பரின் சோம்பேறித்தனம்தான்.

சரி, எல்லா டயரையும் மாவு மாதிரியே செய்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். சும்மா நேராக உருளும்போதும் டயர் நசுங்கி நசுங்கித்தான் நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றலைச் சோம்பேறி ரப்பர் முழுதாகத் திருப்பித் தராது, வெப்பமாக்கிவிடும். அந்த வெப்பத்துக்குப் பணம் கட்டுவது நம் பெட்ரோல் டேங்க். பிரேக் அடிக்கும்போது வேண்டிய குணமே, அடிக்காத மற்ற நேரமெல்லாம் செலவாக நிற்கிறது.

இந்த முடிச்சை வேதியியலாளர்கள் அவிழ்த்த விதம் அழகானது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இந்த அளவு டயர் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். அதாவது ரப்பரின் ஒவ்வொரு துண்டும் நொடிக்கு 11 முறை நசுங்குகிறது. வழுக்கும்போது நடப்பது வேறு. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் முனைகள் இருந்து, டயர் நொடிக்கு இரண்டு மீட்டர் வழுக்கினால், 2,000 முறை குத்து விழும். கல்லின் மேலுள்ள இன்னும் நுண்ணிய சொரசொரப்பையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். ஆக, மெதுவாக அழுத்தினால் பந்து, வேகமாகக் குத்தினால் மாவு என்று நடந்துகொள்ளும் ரப்பர் கிடைத்தால் போதும்.

ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் இடியாப்பச் சிக்கல். சங்கிலிகள் நகர்ந்து இடம் மாற நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் திணறும். குளிர்ந்தாலும் அதே மாதிரி திணறும். அவசரமும் குளிரும் அவற்றுக்கு ஒன்றுதான். அதனால்தான் ஆய்வகத்தில் ஒரு ரப்பர் கலவையை 60 டிகிரி செல்சியஸில் சோதித்து எரிபொருள் செலவை ஊகிக்கிறார்கள். 0 டிகிரியில் சோதித்து ஈரப்பிடிப்பை ஊகிக்கிறார்கள். 60 டிகிரியில் துள்ள வேண்டும், 0 டிகிரியில் சோம்ப வேண்டும்.

டயரைக் கறுப்பாக்கும் கரித்தூள் ரப்பருக்கு வலு கொடுக்கிறது. ஆனால் அந்தத் துகள்கள் தங்களுக்குள் உரசிக்கொண்டு எல்லா வேகத்திலும் ஆற்றலைத் தின்னும். 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் நிறுவனம் கரித்தூளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு சிலிக்காவைப் போட்ட கார் டயரைக் கொண்டுவந்தது. சிலிக்கா என்றால் மணலின் வேதிப்பொருள்தான், மிக நுண்ணிய வடிவில். அதற்குத் தண்ணீரைப் பிடிக்கும், எண்ணெய்த்தன்மையுள்ள ரப்பரைப் பிடிக்காது. எனவே நடுவில் சிலேன் என்ற தரகர் தேவைப்பட்டார்: ஒரு கையால் சிலிக்காவையும் இன்னொரு கையால் ரப்பரையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு. இப்படிக் கட்டிய ரப்பர் உருளும்போது குறைவாகத் தின்கிறது, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது. இன்று விற்கும் நல்ல கார் டயர்கள் பெரும்பாலானவற்றில் இந்தத் தரகர் வேலை செய்கிறார். மைலேஜ் டயரா கிரிப் டயரா என்பது, இந்தக் கலவையை எந்தப் பக்கம் சாய்த்தார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்தச் சாய்வு சாலையில் எவ்வளவு ஆகும்? 80 கிலோமீட்டரிலிருந்து முழு பிரேக். டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் உராய்வுக் கெழு 0.8 என்றால் சுமார் 31 மீட்டரில் கார் நிற்கும். 0.6 என்றால் 42 மீட்டர். பத்துப் பதினோரு மீட்டர்தானே என்று தோன்றும். இப்படிப் பாருங்கள்: முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். மாட்டை நினைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நல்ல ரப்பராக இருந்தாலும் சாலையைத் தொட்டால்தானே வேலை செய்யும்? இது பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளங்களின் பொறுப்பு. சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, 205 மில்லிமீட்டர் டயர் 80இல் போகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் பாதையில் நொடிக்கு 13 லிட்டருக்கு மேல் தண்ணீர் வருகிறது. தண்ணீர் லாரியில் நாம் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஒவ்வொரு டயரும் நொடிக்கு ஒரு குடத்தைத் தூக்கிப் பக்கத்தில் கொட்ட வேண்டும். முடியாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து தூக்கிவிடும். ஸ்டீயரிங் காற்றில் திரும்புவது போலாகும். புதிய டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழமாக இருக்கும் பள்ளம், தேய்மானக் குறியை எட்டும்போது 1.6 மில்லிமீட்டர்தான். சட்டப்படி அதுவரை ஓட்டலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் இருப்பவர் 3க்கே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

காற்றழுத்தமும் இதில் சேரும். நனைந்த ஓடுபாதையில் விமானங்கள் மிதப்பதை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் 1960களில் ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். பள்ளங்களின் கொள்ளளவை மீறித் தண்ணீர் நிற்கும்போது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பாயிண்ட் காற்றுக்குச் சுமார் 96 கிலோமீட்டர், 25க்கு 83. கார் டயருக்கு இது துல்லியமான எண் இல்லை. என்றாலும், காற்று இறங்கினால் மிதக்கும் வேகமும் இறங்கும் என்பது உறுதி.

கடைக்காரர் விடவில்லை. “அப்படியே 225க்கு மாத்திடுங்க சார், 17 இன்ச் அலாயோட. நல்லா ஒட்டும்.” அகல டயர் அதிக இடத்தைத் தொடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. 1,200 கிலோ காரின் ஒரு சக்கரத்தில் 300 கிலோ. 33 பாயிண்ட் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. வகுத்தால் 130 சதுர சென்டிமீட்டர்: விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கை அளவு. அழுத்தத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டினால் இந்தப் பரப்பு அதிகம் மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான். அதனால் வளைவில் கொஞ்சம் நன்மை உண்டு, நின்ற தண்ணீரில் கொஞ்சம் தீமையும் உண்டு. அந்த 17 அங்குல டயரின் பக்கச்சுவர் 225இல் 45 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டர்தான். குட்டையான சுவர் குறைவாக வளையும், ஸ்டீயரிங் சொன்னதை உடனே கேட்கும். எங்கள் தெருப் பள்ளம் சொல்வதையும் உடனே ரிம்முக்குச் சொல்லிவிடும். ஒரு பள்ளத்தில் பக்கச்சுவருக்குள் இருக்கும் நூல் அறுந்தால், வெளியே பல்ஜ் எழும்பும். அந்த டயருக்கு வைத்தியம் கிடையாது. நான் 16இலேயே இருந்துவிட்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஐரோப்பாவில் பெர்ஃபார்மன்ஸ் டயர் என்றால் பெரும்பாலும் ‘சம்மர் டயர்’. 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். அவர்கள் வருடத்துக்கு இரண்டு செட் வைத்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் மார்கழி விடியலிலும் அந்தக் கவலை இல்லை. ஆனால் நம் வெயில் இன்னொரு வழியில் வாங்கிவிடும்: சூடும் ஓசோனும் ரப்பரைக் கடைக்குள் வைத்திருந்தாலும் முதுமையாக்கும். கிரிப் டயர் கடையில் மெதுவாகத்தான் விற்கும் என்பதால் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்ப்பது அவசியம். முதலில் வேறொரு கடையில் “ஆஃபர்” என்று காட்டிய டயரில் 3221 இருந்தது. 2021ஆம் ஆண்டின் 32வது வாரத்தில் செய்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கையும் மாற்றினேன். பட்ஜெட் இரண்டுக்குத்தான் என்றால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள், இழுப்பது முன் சக்கரமாக இருந்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்துச் சமாளிக்கலாம்; பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும்.

மெக்கானிக் தம்பி டயரின் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினார். டயரின் எடை குறைந்த இடம் அது. வால்வின் எடை அங்கே ஈடாகும், பேலன்சிங்கில் எடைக் கட்டி குறைவாக ஒட்டினால் போதும். “முதல் 200 கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்க சார், அச்சுல இருந்து கழண்டு வர்றதுக்குப் பூசின வழவழப்பு இன்னும் இருக்கும்” என்றார்.

லிட்டருக்கு 16 கொடுத்த கார் இப்போது 15.3தான் கொடுக்கிறது. காணாமல் போன அந்த கிட்டத்தட்ட முக்கால் கிலோமீட்டர் எங்கே என்று மகாபலிபுரம் போய் இறங்கியதும் டயரில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது.