காபிள்ஸ்டோன் தெரு: கூழாங்கல் இல்லீங்க, கல் பாவுன தெரு

ஐரோப்பா போயிட்டு வந்தவங்க எழுதுற பயணக் கட்டுரை எதை எடுத்தாலும் ரெண்டாவது பாராவுக்குள்ள இது வந்துரும், "பிராக் நகரின் கூழாங்கல் வீதிகளில் நடந்தோம்"னு. மொழிபெயர்ப்பு நாவல்லயும் இதே கதைதான், குதிரை வண்டி கூழாங்கல் தெருவுல கடகடன்னு ஓடும். இங்கிலீஷ்ல காபிள்ஸ்டோன் தெருன்னு இருக்குறதைத்தான் இப்படி மாத்திடுறாங்க. எனக்கு வாசிப்பு அங்கேயே நின்னுரும். ஏன்னா கூழாங்கல்னு சொன்னதும் கண்ணு முன்னாடி வர்றது ஆத்துப்படுகைதான், தண்ணிக்கடியில வழவழன்னு கிடக்குமே, பொறுக்கி டவுசர் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு கொண்டு வருவோமே, அந்தக் கல்லு. அதை ஒரு தெரு முழுக்க கொட்டி வச்சா குதிரை வண்டி எங்க ஓடும், சக்கரம் புதைஞ்சுல்ல போகும்.

காபிள்ஸ்டோன்ல இருக்குற "காப்"ங்கிறது இங்கிலீஷ்ல பழைய வார்த்தை, உருண்டையா இருக்குற கட்டின்னு அர்த்தம். அதுல சின்னதைக் காட்டுற விகுதி சேர்ந்து காபிள் ஆச்சு, காபிள்ஸ்டோன்ங்கிற சேர்க்கை 15ஆம் நூற்றாண்டுலயே எழுத்துல வந்துருச்சு. அப்போ அதுவும் ஆத்துலயும் கடற்கரையிலயும் தேஞ்சு உருண்ட கல்லுதானே, கூழாங்கல்னு சொன்னா என்ன தப்புன்னு கேக்கலாம். அளவுதான் வித்தியாசம். கல்லையும் மண்ணையும் ஆராயுற நிலவியல்காரங்க பயன்படுத்துற வென்ட்வொர்த் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, 1922ல வந்தது, அதுல 4 மில்லிமீட்டர்ல இருந்து 64 வரைக்கும் பெபிள், 64ல இருந்து 256 வரைக்கும் காபிள், அதுக்கு மேல போல்டர். நம்ம கூழாங்கல் பெபிளுக்குத்தான் சரியா பொருந்துது. காபிள்ங்கிறது சாத்துக்குடி சைஸ்ல ஆரம்பிச்சு ஒரு சின்ன பூசணிக்காய் வரைக்கும் போற உருளைக்கல்லு, அதைத்தான் மணல் மேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிறுத்தி வச்சு இடிச்சு இறக்குவாங்க. மழை பெஞ்சாலும் சேறு ஆகாது, குதிரைக்கு குளம்பு பிடிக்க இடுக்கு கிடைக்கும், அதுக்குத்தான் அந்தப் பாடு.

இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு, அது இங்கிலீஷ்காரங்களே பண்றது. போட்டோவுல நாம பாக்குற "காபிள்ஸ்டோன்" தெரு பெரும்பாலும் உருண்டைக் கல்லே கிடையாது, உளி வச்சு சதுரமா கொத்தி எடுத்த கருங்கல்லு. பிரிட்டன்ல இதுக்கு தனிப்பேரு செட், அமெரிக்காவுல பெல்ஜியன் பிளாக்ம்பாங்க, ஆனா பேச்சுல எல்லாமே காபிள்ஸ்டோன்தான். ரோம்ல இருக்குற சாம்பியெத்ரினி கல்லை தனியா வெளிய எடுத்துப் பாத்தா மேல சதுரமா இருக்கும், கீழ போகப் போக குறுகிக்கிட்டே போகும், கிட்டத்தட்ட ஆப்பு மாதிரி. எரிமலைப் பாறையில செஞ்சது, பேரு புனித பீட்டர் பேராலயத்தை வச்சு வந்தது. அதைப் போய் கூழாங்கல்னு எழுதுனா அந்தக் கல்லைக் கொத்துன கைக்கே மரியாதை இல்லாம போயிருது. நிஜமான உருண்டைக் கல் தெரு பாக்கணும்னா அமெரிக்காவுல பாஸ்டன்ல பீக்கன் ஹில் பக்கம் ஏகார்ன் ஸ்ட்ரீட்னு ஒரு சின்னச் சந்து இருக்கு, அது அசல்.

மத்த மொழிக்காரங்க இதுக்கு வச்ச பேரைப் பாத்தா ஆசையா இருக்கு. ஜெர்மன்ல கோப்ஃப்ஸ்டைன்ஃப்ளாஸ்டர், பிரிச்சா தலைக்கல் தளம். செக் மொழியில பூனைத்தலைகள், போலந்துலயும் பூனைத்தலைதான், டச்சுக்காரங்க கிண்டர்கோப்யஸ்னு சொல்றாங்க, குழந்தைத் தலைகள்னு அர்த்தம். மேல இருந்து பாத்தா வரிசையா மொட்டை மொட்டையா தெரியுமில்ல, அதை அப்படியே பேரா வச்சுட்டாங்க. யாரும் அகராதிய பாத்து வைக்கல, தெருவைப் பாத்து வச்சாங்க.

பிரெஞ்சுல பாவே. 1968 மே மாசம் பாரிஸ்ல மாணவர்கள் தெருக்கல்லைப் பேத்து எடுத்தப்போ அடியில மணல் தெரிஞ்சுது, அதுல இருந்துதான் "பாவேக்குக் கீழே கடற்கரை"ங்கிற சுவர் வாசகம் பிரபலமாச்சு. 1896ல இருந்து நடக்குற பாரிஸ் ரூபே சைக்கிள் பந்தயம் முழுக்க இந்தக் கல்லை நம்பித்தான் இருக்கு, சுமார் 250 கிலோமீட்டர்ல 50 கிலோமீட்டருக்கும் மேல கல்லு ரோடு, கை மரத்துப் போற அளவுக்கு ஆட்டம், ஜெயிச்சவருக்கு கோப்பைக்குப் பதிலா ஒரு தெருக்கல்லைத்தான் தூக்கிக் குடுக்குறாங்க. ஆரன்பேர்க் காட்டுக்குள்ள போற பகுதியில கல்லுக்கு நடுவுல புல்லு மண்டுனப்போ அதை எடுக்க ஆடு மேய விட்டுருக்காங்க. இந்தப் பந்தயத்தைப் பத்தி "கூழாங்கல் பாதையில் வீரர்கள் சீறினர்"னு செய்தி படிச்சா என்னத்த சொல்ல.

இப்போ தமிழுக்கு வருவோம். நாம பெயர்ச்சொல்லையே தேடிக்கிட்டு இருக்கோம், நம்மகிட்ட இருக்குறது வினைச்சொல். பாவு. கடப்பாக்கல் பாவுன தாழ்வாரம், செங்கல் பாவுன முற்றம், கோயில் பிரகாரத்துல கல் பாவியிருக்குன்னு சாதாரணமா சொல்றோமே, அதேதான். பரப்பி, நெருக்கி, தரையோட படிய வைக்கிறதுக்குப் பேரு பாவுறது. நாத்து பாவுறதுன்னு வயல்ல சொல்றதும் இதுதான், நெசவுல ஊடும் பாவும்ங்கிற பாவுலயும் நூலை நீட்டிப் பரப்புறதுதான் விஷயம். சந்தோஷத்துல கால் தரையில பாவலன்னு சொல்றோமே, அதுலயும் படியுறதுங்கிற அர்த்தம் அப்படியே நிக்குது. நம்ம பாவு, பிரெஞ்சு பாவே, இங்கிலீஷ் பேவ் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்குதேன்னு சொந்தம் கொண்டாட வேணாம், அவங்களுது லத்தீன்ல இடிச்சு இறுக்குறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது, நம்மளுது பரப்புறதுல இருந்து வந்தது.

அதனால நான் எழுதுறப்போ பொதுவா கல் பாவிய தெருன்னே எழுதிருவேன், முக்காவாசி இடத்துல இதுவே போதும். உருண்டைக் கல்லுன்னு கதைக்கு முக்கியமா இருந்தா உருளைக்கல் பாவிய தெரு, சதுரமா கொத்துனதுன்னா கருங்கல் பாவிய தெரு, ஒத்தைக் கல்லைச் சொல்லணும்னா பாவுகல். பாவின்னு இருக்கே, திட்டுற மாதிரி இருக்கேன்னு சிலர் தயங்குறாங்க, "கல் பாவிய"ன்னு சேத்து எழுதுனா அந்தச் சந்தேகமே வராது. கப்பி ரோடுன்னு எழுதுறதும் சரியா வராது, அது உடைச்ச ஜல்லியைக் கொட்டி உருளை விட்டு அமுக்குறது. சரளை ரோடு வேற. நம்ம தெருவுல இப்போ போடுற சிமெண்ட் கட்டைய எல்லாரும் பேவர் பிளாக்னுதான் சொல்றாங்க, அதை அப்படியே விட்டுரலாம், ஆனா அதையும் ஆளுங்க மணல் பரப்பி, ஒவ்வொண்ணா வச்சு, ரப்பர் சுத்தியால தட்டி இறக்குறதைப் பாத்தா அதுவும் பாவுற வேலைதான்.

போன மாசம் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக் குடுத்தேன். பழைய லண்டன் கதை, வீட்டுக்குள்ள ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்காரு, வண்டிச் சக்கரத்தோட இரும்புப் பட்டை கல்லுல உரசுற சத்தம் தாங்க முடியாம வாசல்ல வைக்கோல் பரப்புறாங்க, அந்தக் காலத்துல நிஜமாவே அங்க இருந்த பழக்கம் அது. மொழிபெயர்த்தவர் "கூழாங்கற்களின் மீது வைக்கோல் தூவப்பட்டது"ன்னு எழுதியிருந்தாரு. நான் "கல் பாவிய தெருவில் வைக்கோலைப் பரப்பினார்கள்"னு மாத்துனேன், அப்புறம்தான் அந்த வீட்டுக்குள்ள இருந்த அமைதி எனக்குக் கேட்டுச்சு.