வாட்ஸ்அப்பை விட்டு ஓடும் முன்

சென்னை தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்குக் குடும்ப வழக்கோடு வரும் பெண்கள் அடிக்கடி கேட்பது: “நான் வாட்ஸ்அப்ல பேசுறதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத் தெரியுது மேடம். டெலிகிராமுக்கு மாறிடட்டுமா?”

மாறினால் ஒரு படி இறங்கித்தான் போவீர்கள். வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லா உரையாடல்களுக்கும் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் உண்டு; அதாவது, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டுவது. நடுவில் அதை நடத்தும் மெட்டா நிறுவனத்தாலும் படிக்க முடியாது. டெலிகிராமில் ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் திறந்தால்தான் அது கிடைக்கும். குரூப்புகளுக்குக் கிடையவே கிடையாது. ஆனாலும் ரகசியத்துக்கு டெலிகிராம்தான் என்ற பேச்சு ஓயவில்லை.

நம்மூர் ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலி 2025 செப்டம்பரில் பரபரப்பாக இறக்கப்பட்டபோது, அழைப்புகளுக்கு அந்தப் பூட்டு இருந்தது. சாதாரணச் செய்திகளுக்கு இல்லை. இப்போது என்ன நிலை என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

சிக்னல் என்று இன்னொரு செயலி இருக்கிறது. அதன் என்க்ரிப்ஷன் முறையைத்தான் வாட்ஸ்அப்பும் பயன்படுத்துகிறது. யாரோடு, எப்போது பேசினீர்கள் என்பது போன்ற விவரங்களில்தான் வித்தியாசம். வாட்ஸ்அப்பிடம் அவை சேரும். 2016-இல் அமெரிக்காவில் சம்மன் வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. சம்மனுக்கு இவ்வளவு சின்னப் பதில் தரும் கட்சிக்காரர் எனக்கு வாய்த்ததில்லை!

ஆனால் என்னிடம் வந்த வழக்குகளில் என்க்ரிப்ஷனை உடைத்து யாரும் படிக்கவில்லை. மனைவி குளிக்கப் போன நேரத்தில் கணவர் அவள் போனை எடுத்து, தன் லேப்டாப்பில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்திருப்பார். அவ்வளவுதான். பிறகு அவள் போன் அணைந்திருந்தாலும் செய்திகள் லேப்டாப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். இதே வேலையைச் சிக்னலிலும் செய்யலாம். அதனால் முதலில் செட்டிங்ஸில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பாருங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் என்க்ரிப்ஷன் போடும் வசதி 2021-இல் வந்தது. அதை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும்.

தெரியாத கருவி ஏதாவது தென்பட்டால் உடனே வெளியேற்றிவிடாதீர்கள். கருவியின் பெயரும் கடைசியாக இயங்கிய நேரமும் தெரிய, முதலில் இன்னொரு போனில் படம் எடுங்கள். நேர்மையற்ற நோக்கத்தோடு அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதற்கு இது ஆதாரம். அடிக்கிற ஆளாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: வெளியேற்றிய உடனே அவருக்குத் தெரிந்துவிடும். அம்மா வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ போய்ச் சேர்ந்த பிறகு செய்யுங்கள். அதுவரை வழக்குப் பேச்சை அந்தப் போனில் வைத்துக்கொள்ள வேண்டாம்.