மலையடிவாரத்துக்கு ஸ்வெட்டர் எதற்கு?

இருபத்தாறு வயது, வங்கியில் வேலை. நான்கு நாள் காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்திருந்தார். கண் இரண்டும் சிவப்பு. கெண்டைக்காலை மெல்ல அமத்தினாலே துள்ளினார். டெங்குச் சோதனை நெகட்டிவ். சிறுநீர் குறைந்துகொண்டு வந்தது. வயல் பக்கம் போய் வருடக்கணக்காயிற்று என்றார்.

"தம்பி, எங்கையாவது வெளியில போனனீங்களோ?"

"இல்லை டொக்டர்."

கட்டிலோரம் நின்ற அம்மா விடவில்லை. "சிநேகிதன்ர கலியாணம் எண்டு போனவன் டொக்டர். திரும்பி வந்து போட்ட உடுப்பெல்லாம் ஒரே சேறு. கலியாணத்தில என்ன சேறு?"

அதற்குப் பிறகுதான் கதை வந்தது. ஐந்து பெடியள், நக்கிள்ஸ் மலையின் கிழக்கு அடிவாரம், ஆற்றங்கரையில் கூடாரம், இரண்டு இரவு. முதல் நாளே கல்லில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே உரசல். அந்தப் புண்ணோடுதான் இரண்டு நாளும் ஆற்றில் கிடந்திருக்கிறார்.

எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி, சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். காய்ச்சல் வருவது பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்து. அதற்குள் பயணம் மறந்துபோகும், படங்கள் மட்டும் போனில் இருக்கும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலேயே இந்த நோய் உயிர்களைக் கொண்டுபோனது. ஆனாலும் அதை விவசாயிகளின் நோய் என்றுதான் இன்னும் நினைக்கிறோம்.

நமக்கு மலை என்றால் நுவரெலியாதான். அது 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் 6.5 பாகை குளிரும். கூடாரம் அடிக்கும் அடிவாரங்கள் பலவும் இருநூறு முந்நூறு மீற்றர்தான். கணக்குப் போட்டால் இரண்டு பாகைகூடக் குறையாது. ஆனால் பையில் ஸ்வெட்டரும் குல்லாவும் இருக்கும், நுளம்பு வலை இருக்காது. போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததோடு பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

எனக்கு அதிகம் பயம் கட்டுவிரியன்தான். உலர்வலயத்துத் தாழ்நிலப் பாம்பு, இரவில் உலாவும், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று எழும்புவார்கள், கொத்துரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா குடிப்பார்கள். விடியும்போது கண்ணிமை திறக்காது, பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசையும் சோரும். அடிவாரத்தில் இரவு வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால் கடிகாயத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், ஆளை அசையாமல் படுக்க வையுங்கள். கூடாரத்தின் சிப்பை எப்போதும் இழுத்து மூடுங்கள், சப்பாத்தை உதறிவிட்டுக் கால் வையுங்கள், சிறுநீர் கழிக்கப் போனாலும் டோர்ச் வேண்டும்.

அப்புறம் ஆறு. மழைக்கு ஓடி வெயிலுக்குக் காயும் வழுக்கையாறு தவிர வேறு ஆறு நம் குடாநாட்டில் கிடையாது, அதனால் ஆற்றின் குணம் நமக்குத் தெரியாது. சித்திரை விடுமுறைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த மாதங்களில் பின்னேரம் மலையில்தான் இடியும் மழையும் கொட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வர, இரைச்சல் மாறினால் சாமானை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். மெத்தை மாதிரி மணல் திட்டு இருக்கிறதே என்று அதில் கூடாரம் அடிப்பார்கள். அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டதே ஆறுதான். மழைக்காலமென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக டொக்ஸிசைக்ளின் இருக்கிறது. போவதற்கு முன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது சரிவராது, ஆகவே சிநேகிதரின் குளிசையை வாங்கிப் போட வேண்டாம். குடித்தால் சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு. குடித்தவுடன் படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். புண் இருந்தால் ஆற்றில் இறங்காமல் இருப்பது அதைவிட நல்லது.

அந்தத் தம்பிக்கு பெனிசிலின் தொடங்கினோம், நான்காம் நாள் சிறுநீர் பழையபடி போகத் தொடங்கியது. அதற்கு முன், கதை வெளிவந்த அன்றே, மற்ற நான்கு பேருக்கும் அவரையே போன் எடுக்கச் சொன்னேன். ஒருவருக்குக் கொழும்பில் மூன்று நாளாகக் காய்ச்சல், பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.