மஞ்சள் பெட்டி எங்கே போகிறது? கதிரியக்கப் பொருள் கண்காணிப்பு பற்றி வடசென்னைக்காரர்களுக்கு

மணலி, எண்ணூர் பக்கம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பைப் வெல்டிங் முடிந்ததும் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, "யாரும் கிட்ட வராதீங்க" என்பார்கள். வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுக்கிறார்கள். படம் எடுக்கும் கருவிக்கு அங்கே 'கேமரா' என்றே பெயர். கைப்பிடி வைத்த சின்னப் பெட்டிதான், ஆனால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அத்தனை கனமும் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தினுடையது. உள்ளே இருக்கும் இரிடியம்-192 'சோர்ஸ்', அதாவது படம் எடுக்கக் கதிர்வீச்சைத் தரும் கதிரியக்கப் பொருள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை புது சோர்ஸ் வரும், பழையது திரும்பிப் போகும். நம் சாலைகளில் இந்தப் போக்குவரத்து ஓயாமல் நடப்பது அதனால்தான்.

இதற்குக் கணக்குக் கேட்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-ல் அமைக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் யாரும் சோர்ஸ் வாங்க முடியாது. ஒவ்வொரு சோர்ஸுக்கும் வரிசை எண் உண்டு. வாங்குவது, இடம் மாற்றுவது, திருப்பி அனுப்புவது எல்லாம் வாரியத்தின் 'ஈலோரா' இணையதளத்தில் பதிவாகும். வேலை முடிந்துவிட்டது என்பதற்காகக் கேமராவை பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் போகக் கூடாது. சோர்ஸ் தொலைந்தாலோ விபத்து நடந்தாலோ 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். தொலைந்திருந்தால் உள்ளூர் போலீசுக்கும் சொல்ல வேண்டும். 2004-ம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் நிறுவனத்தின் மேல் சுமத்திய கடமை இது.

பெட்டியில் மூன்று வகை லேபிளில் ஒன்றை ஒட்டுவார்கள்: வெள்ளை-1, மஞ்சள்-2, மஞ்சள்-3. மூன்றிலும் மூன்று இதழ் கொண்ட கருப்பு விசிறிச் சின்னம் இருக்கும். மஞ்சள்-3 என்றால் இருப்பதிலேயே கதிர்வீச்சு அதிகமான பெட்டி. வண்டியின் வெளிப்புறத்திலும் அதே சின்னத்தோடு பலகை மாட்டியிருப்பார்கள். டிரைவரிடம் அவசரகாலத்தில் செய்ய வேண்டியதை எழுதிய 'டிரெம் கார்டு' இருக்க வேண்டும்.

எக்ஸ்பிரஸ் சாலை நெரிசலில் அப்படி ஒரு வண்டி பக்கத்தில் நின்றால் பயப்பட வேண்டுமா? வேண்டாம். வண்டியிலிருந்து 2 மீட்டர் தள்ளி கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த உச்ச அளவிலேயே கால் மணி நேரம் நின்றால்கூட 0.025 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இது.

என் கவலை சாலையைப் பற்றியது அல்ல, காயலான் கடையைப் பற்றியது. கணக்குப் புத்தகத்தை விட்டு ஒரு பெட்டி நழுவினால் அது கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான். கவசத்துக்கு ஈயம், டங்ஸ்டன், யுரேனியம் போன்ற கனமான உலோகங்களைத்தான் போடுவார்கள். கையளவு பொருள் கல்லுமாதிரி கனத்தால் எடைக்கு எடுப்பவருக்கு அது லாபமாகத்தான் தெரியும். டெல்லி மாயாபுரியில் 2010-ல் நடந்தது இதுதான். 1985-க்குப் பிறகு தொடாமல் கிடந்த ஒரு கருவியைப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்டது. காயலான் கடையில் உடைத்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். பளபளத்த துண்டு ஒன்றை ஒருவர் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். உடைத்தவர்கள் செய்த தப்பு என்ன? உள்ளே இருப்பது என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கணக்கில் வைத்திருக்க வேண்டியவர்கள் 25 வருஷம் மறந்துபோனதற்குத் தண்டனை அவர்கள் உடம்பில் விழுந்தது.

அதனால் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டிலும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை கடைகளிலும் வேலை செய்யும் அண்ணன் தம்பிகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். விசிறிச் சின்னத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 2007-ல் வந்த இன்னொரு சின்னமும் உண்டு: சிவப்பு முக்கோணத்தில் கதிர் பாய்வது, மண்டை ஓடு, ஓடுகிற மனிதன். அது கருவியின் உள்பக்கத்தில், ஆபத்தான சோர்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்தால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள். அளவுக்கு மீறிக் கனக்கிற, சீல் வைத்த உலோக உருளை வந்தால் சின்னம் இல்லாவிட்டாலும் வெட்டாதீர்கள், உருக்காதீர்கள். கதிர்வீச்சுக்கு வாசனை கிடையாது, சூடும் தெரியாது. தோல் புண் சில நாள் கழித்துத்தான் வரும்.

சந்தேகப் பொருள் கிடைத்தால் தொடாமல் குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் போய், மற்றவர்களையும் விலக்கி, 112-க்கு அழையுங்கள். "கதிரியக்கச் சின்னம் உள்ள பொருள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினருக்கு இதைக் கையாளும் பயிற்சி உண்டு. ஏற்கெனவே தொட்டுவிட்டவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, போட்டிருந்த துணியைப் பையில் கட்டித் தனியாக வையுங்கள். வாந்தி வந்தால் சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எதை, எந்த நாள், எவ்வளவு நேரம் தொட்டீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.