ஆதார விலையா, ஆதரவு விலையா, தாங்கு விலையா?

நீலகிரியில் பசுந்தேயிலை விலைக்காக எந்தப் போராட்டம் நடந்தாலும் இந்தச் சொல் இல்லாமல் நடப்பதில்லை. இதற்குக் கீழே போகாது என்று அரசு உறுதி சொல்லும் விலையை ஒருவர் 'குறைந்தபட்ச ஆதார விலை' என்பார், அடுத்தவர் 'குறைந்தபட்ச ஆதரவு விலை' என்பார். பத்திரிகைகளும் ஆளுக்கொன்றாக எழுதுகின்றன. 2023 செப்டம்பரில் கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் படுகர் ஊர்களைச் சேர்ந்த சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தபோதும் கோரிக்கை இதுதான். எது சரியான சொல் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்லைப் பிரித்துப் பார்த்தால், கேட்பது என்ன, யாரிடம் கேட்பது என்பதும் கூடவே தெளிவாகும்.

முதலில் 'விலை'. இதில் சிக்கலே இல்லை. 'வில்' என்றால் விற்பது. அதிலிருந்து பிறந்தது விலை. கன்னடத்தில் பெலெ, தெலுங்கில் வெல, மலையாளத்தில் வில. 'தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்' என்கிறது குறள். வாங்கித் தின்ன ஆள் இருப்பதால்தான் விற்க ஆள் வருகிறான் என்கிற சந்தைக் கணக்கை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

'ஆதாரம்' வடசொல். தாங்கி நிற்கும் அடிப்படை என்பது மூலப்பொருள். வாழ்வாதாரம், நீராதாரம் என்பதிலெல்லாம் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஆனால் பேச்சுவழக்கில் ஆதாரம் என்றால் சான்று. 'என்ன ஆதாரம் இருக்கு?' என்றுதான் கேட்கிறோம். ஆதார் அட்டை வந்த பிறகு அந்தப் பொருளும் பின்னால் போய்விட்டது. ஆதார் எண்ணோடு ஏதோ தொடர்புள்ள விலை என்று நினைத்துக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கக்கூடும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

'ஆதரவு' வேறு குடும்பம். 'ஆதரம்' என்றால் மதிப்பு, அன்பு. அதிலிருந்து ஆதரி, ஆதரவு. நாதியற்றவர்களுக்கு ஆதரவு, ஆதரவற்றோர் இல்லம், தேர்தலில் ஆதரவு. இதில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. தன் உழைப்புக்குக் கணக்குப் போட்டு விலை கேட்கிற விவசாயியை இந்தச் சொல் கையேந்த வைத்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் ஆதார விலையே மேல்.

'குறைந்தபட்சம்' பாதி தமிழ், பாதி வடமொழி. பட்சம் என்றால் பக்கம், சிறகு. கலைச்சொல் எழுதுவோர் 'சிறும' என்பார்கள். வகுப்பறைக்குச் சரி, கோஷம் போட ஆகாது.

ஆங்கிலத்தில் இதை மினிமம் சப்போர்ட் பிரைஸ் என்கிறார்கள். சப்போர்ட் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். கீழிருந்து சுமப்பது என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் அதற்குத் 'தாங்கு' என்ற சொல் அப்படியே இருக்கிறது. சுமப்பதும் தாங்குதல்தான், விழாமல் பிடிப்பதும் தாங்குதல்தான். 'பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி' என்று நாட்டுக்கு இலக்கணம் சொல்லும் இடத்திலேயே வள்ளுவர் இதைப் பயன்படுத்துகிறார். ஒன்றுசேர்ந்து மேலே வந்து விழும் சுமையைத் தாங்குவது அங்கே நாடு. ஆகவே 'தாங்கு விலை'. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது போல, சந்தை விலை சரிந்தால் அதற்குக் கீழே போகாமல் நிறுத்துகிற விலை. தாங்கு விலை என்றாலே கீழ் எல்லை என்று புரிந்துவிடுவதால் முன்னால் குறைந்தபட்சம் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

இலங்கைத் தமிழில் நெல்லுக்கு 'உத்தரவாத விலை' என்கிறார்கள். அதுவும் நல்ல சொல். உத்தரவாதம் என்றதும் யார் உத்தரவாதம் என்று கேட்கத் தோன்றும். தாங்கு விலையும் அப்படித்தான், யார் தாங்குவது என்று உடனே கேட்க வைக்கும். ஆதார விலையில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. இந்தியாவில் இந்த விலையின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விதான்.

அந்த வரலாற்றில் நம் ஊர்க்காரர்கள் பங்கு பெரிது. 1952இல் சென்னை மாநில முதல்வராக வந்த ராஜாஜி, போர்க்காலத்திலிருந்து இருந்துவந்த உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அரசு ஒதுங்கினால் தானியம் தானாக வெளியே வரும் என்பது அவர் நம்பிக்கை. பின்னால் 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது லைசென்ஸ், பெர்மிட் ஆட்சியை எதிர்த்ததும் அதே நம்பிக்கைதான். அந்த 1952 அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். அவரே மத்திய உணவு அமைச்சரான பிறகு, 1965இல் விவசாய விலைக் கமிஷன் வந்தது, இந்திய உணவுக் கழகமும் வந்தது. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். கமிஷன் விலை சொல்லும், கழகம் வாங்கும். இரண்டும் ஒரே வருடத்தில் பிறந்தது தற்செயல் அல்ல. வாங்க ஆள் இல்லாத தாங்கு விலை வெறும் எண் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

இப்போது மத்திய அரசு 22 பயிர்களுக்கு இந்த விலையை அறிவிக்கிறது. நெல், கோதுமை, பயறு வகைகள், பருத்தி, கொப்பரை எல்லாம் உண்டு. தேயிலை இல்லை. தேயிலை விவசாய அமைச்சகத்தின் கீழேயே வராது. 1953ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டப்படி வந்த தேயிலை வாரியம் வணிக அமைச்சகத்தைச் சேர்ந்தது. பொள்ளாச்சியில் கொப்பரை காயவைப்பவர் விவசாயி, மலையேறி வந்தால் இலை எடுப்பவர் வணிகத்தின் கணக்கில். ஒரே மாநிலத்தில் இப்படி இரண்டு நியாயம் இருப்பதை எத்தனை முறை சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

'வாரியம்தான் மாதாமாதம் விலை அறிவிக்கிறதே, அது ஆதார விலை இல்லையா?' என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. குழப்பம் அதிகமாக நடப்பது இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாரியம் அறிவிப்பது பங்கு விலை. ஏலத்தில் தேயிலைத்தூள் சராசரியாக என்ன விலைக்குப் போனதோ, அதில் 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு ஆலைக்கு. கணக்குக்காகத் தூள் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 65 ரூபாய் இலைக்கு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பசுந்தேயிலை தேவை. அப்படியானால் கிலோ இலைக்குப் 16 ரூபாய் 25 காசு. தூள் 80 ரூபாய்க்கு இறங்கினால் இலை 13 ரூபாய். உரம், கவாத்து, இலை எடுப்புக் கூலி எதுவும் இந்தக் கணக்கில் நுழையவே இல்லை, கவனித்தீர்களா? ஏலம் விழுந்தால் இந்த விலையும் கூடவே விழும். விழுவதைப் பங்கு போடுகிற விலையைத் தாங்கு விலை என்று எப்படிச் சொல்வது? இலங்கையிலும் இதே மாதிரி 68க்கு 32 என்று ஒரு பங்கீடு உண்டு. அதையும் யாரும் உத்தரவாத விலை என்று சொல்வதில்லை.

தாங்கு விலை புறப்படும் இடம் வேறு. அது செலவிலிருந்து தொடங்கும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. மலையில் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான்.

இன்னொரு விலையும் இருக்கிறது, ஏலத்தில் 'இதற்குக் கீழே விற்கமாட்டோம்' என்று விற்பவர் வைக்கும் விலை. இதை 'அடக்க விலை' என்று சிலர் எழுதுவது தவறு, அடக்கம் என்பது நமக்கு ஆன செலவு. 'தடுப்பு விலை' என்று சொல்லலாம். கென்யாவில் 2021இல் சிறு விவசாயிகளின் தேயிலைக்கு ஏலத்தில் கிலோ 2.43 டாலர் என்று இப்படி ஒரு தடுப்பு வைத்தார்கள். வாங்குபவர்கள் ஒதுங்கிக்கொள்ள, விற்காத தேயிலை கிடங்குகளில் மலைபோல் குவிந்தது. அரசு தலையிடக் கூடாது என்பவர்கள் இதைக் காட்டினால் அதில் உண்மை இருக்கிறது, மறுக்கக் கூடாது. தடுத்தார்கள், தாங்க ஆள் வைக்கவில்லை.

ஆனால் 'சந்தையை அதன் போக்கில் விடுங்கள்' என்பவர்களும் பசுந்தேயிலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். காலையில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறும். மாலைக்குள் இலை சிவந்துவிடும். சிவந்த இலையை ஆலை கழித்துக்கொள்ளும், அல்லது எடுத்துக்கொள்ளவே மாட்டேன் என்று திருப்பிவிடும். நெல்லைக் குதிரில் போட்டு வைத்து விலை வந்ததும் விற்கலாம், இதை ஒரு ராத்திரி வைக்க முடியாது. விற்காமல் இருக்க முடியாதவருக்குச் சந்தையில் என்ன சுதந்திரம்? அதனால்தான் 1960களில் நீலகிரியின் குந்தாவில் தொடங்கிக் கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் வந்தன. சோவியத் யூனியன் உடைந்து, நீலகிரித் தூளை வாங்கிக்கொண்டிருந்த பெரிய வாசல் அடைபட்டபோது அந்த ஆலைகளும் தள்ளாடின. 1990களின் கடைசியில் இலை விலை சரிந்து சனங்கள் தெருவுக்கு வந்ததன் வேர் அங்கே இருக்கிறது.

தெருவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அரசை உள்ளே இழுக்கத்தான் வருகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் தலைவர் சரத் ஜோஷி 1980இல் வெங்காய விலைக்காகப் புனே பக்கம் சாக்கனில் நெடுஞ்சாலையை மறித்தார். அவர் திறந்த சந்தையின் ஆதரவாளர், விலையை அழுத்தி வைத்திருப்பதே அரசுதான் என்பது அவர் வாதம். பின்னால் கர்நாடகத்தில் விவசாய சங்கத் தலைவர் நஞ்சுண்டசாமி உலக வர்த்தகத்தை எதிர்த்துத் தெருவில் நின்றார், 1992இல் பெங்களூரில் கார்கில் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் அவருடைய சங்கத்தார் புகுந்தார்கள். மறியல் ஒன்று, கோரிக்கை நேர் எதிர். 2020இல் டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் இரண்டு கோரிக்கை வைத்தார்கள். மத்திய அரசின் புதிய வேளாண் சட்டங்களை எடு, தாங்கு விலையைச் சட்டமாக்கு என்று. முதலாவது 2021 நவம்பரில் கிடைத்தது.

சரி, மனுவிலும் தட்டியிலும் எப்படி எழுதுவது? 'தாங்கு விலை' வினைத்தொகை, ஒற்று மிகாது, சேர்த்தும் எழுதலாம். அதிகாரிக்கு எழுதும் மனுவில் முதல் இடத்தில் மட்டும் 'ஆதார விலை எனப்படும் தாங்கு விலை' என்று எழுதிவிட்டால் பிறகு தாங்கு விலையே போதும். வாரியம் மாதாமாதம் சொல்வதற்குப் 'பங்கு விலை', ஏலத்தில் வைப்பதற்குத் 'தடுப்பு விலை'. மூன்றையும் ஒரே மனுவில் 'ஆதார விலை' என்று எழுதினால், வாரியம் அறிவிப்பதே ஆதார விலை என்று பதில் எழுதி அந்தக் கோப்பை மூடிவிடலாம். தாங்கு விலை கேட்கும் வரியிலேயே யார் வாங்குவது என்பதையும் எழுதுங்கள். 'கிலோவுக்கு இத்தனை ரூபாய் தாங்கு விலையில், கூட்டுறவு ஆலைகள் வழியாக அரசு வாங்க வேண்டும்' என்று.