6 மி.மீ. முடிச்சுக்கு ஏன் 3 மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள்?

"அப்பா முப்பது வருடம் பீடி பிடித்தவர். சிடி ஸ்கேனில் நுரையீரலில் 6 மி.மீ. முடிச்சு தெரிகிறது. டாக்டர் 3 மாதம் கழித்து வரச் சொல்கிறார். அதற்குள் முற்றிவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான பயம்.

எக்ஸ்ரேயில் விலா எலும்பு, இதயம், ரத்தக்குழாய் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் மிளகளவு முடிச்சு தொலைந்துபோகும். சிடி மார்பைச் சீவல் சீவலாகப் பிரித்துக் காட்டுகிறது. காற்று -1000, நீர் 0 என்ற அதன் அடர்த்தி அளவுகோலில் நுரையீரல் -800ஐ ஒட்டியும் கெட்டியான முடிச்சு 0 பக்கத்திலும் இருக்கும். கரும்பலகையில் சாக்பீஸ் பொட்டு மாதிரி பளிச்சென்று தெரியும்.

சரி, அது புற்றுநோயா, பழைய தழும்பா? அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்ட புகைப்பழக்கக்காரர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வந்தது. எக்ஸ்ரே எடுத்த குழுவைவிட சிடி எடுத்த குழுவில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20% குறைவு. ஆனால் சந்தேகத்துக்குரியவை என்று வந்த ஸ்கேன்களில் சுமார் 96% புற்றுநோயே இல்லை. அத்தனை பேருக்கும் ஊசி போட்டுச் சதை எடுக்க முடியுமா?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. 6 மி.மீ. உருண்டையின் கன அளவு 113 கன மி.மீ. அது இரட்டிப்பானால் விட்டம் 12 ஆகாது, 7.5தான் ஆகும்! ஒரே முடிச்சை இரண்டு டாக்டர்கள் அளந்தாலே அந்த ஒன்றரை மி.மீ. வித்தியாசம் வரலாம். அதனால் நெதர்லாந்து, பெல்ஜியத்தில் நடந்த நெல்சன் என்ற நுரையீரல் சிடி ஆய்வில் விட்டத்தை நம்பாமல் கன அளவைக் கணினியில் அளந்தார்கள். சிடி படம் என்பது அரை கன மி.மீ. அளவுள்ள குட்டிப் பெட்டிகளின் அடுக்கு. உங்கள் அப்பாவின் முடிச்சுக்குள் 200க்கும் மேல் இருக்கும். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தார் என்பதைப் பொறுத்து ஓரத்துப் பெட்டிகள் கொஞ்சம் மாறும். ஆகவே 25% கூடினால்தான் வளர்ச்சி என்று வைத்தார்கள். அந்த வேகத்தில் 400 நாளுக்குள் இரட்டிப்பாகும் என்றால் சந்தேகம் வலுக்கும். தழும்பு அப்படியே கிடக்கும். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத்தான் 3 மாத இடைவெளி.

நம் நாட்டில் காசநோய்த் தழும்புகள் அதிகம். ஐரோப்பிய அளவுகோலை அப்படியே இங்கே பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் நுரையீரல்களில் பெரிய ஆய்வு நடக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது ஃபிலிமோடு, ஸ்கேன் பதிந்த டிஸ்க்கையும் எடுத்துப்போங்கள். ஒப்பிட வேண்டிய முதல் எண் அதற்குள்தான் இருக்கிறது.